இரைப்பைக் குருதியும் செவிலியர் காவலும்

திருக்குறளில் 'மருந்து' என்றோர் அதிகாரம் உண்டு. மாணவர் அனைவரும் அறிந்ததே. அதன் இறுதிக் குறளில் திருவள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்துக் காட்டுகிறார். நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அருகிலிருந்து பணி செய்பவன் என்பன அந்த நான்கு. கடைசியில் நிற்பவனுக்கு அவர் இடும் பெயர் 'உழைச்செல்வான்' என்பது. உழை என்றால் பக்கம். நோயாளியின் பக்கத்தில் நின்று இயங்குபவன் என்று பொருள். இன்று செவிலியர் என்றும் நர்ஸ் என்றும் நாம் அழைப்பவர் இந்த நான்காம் கூற்றில் அடங்குபவரே.

மருத்துவத்தின் வரலாற்றைப் படிக்கும்போது முதல் மூன்று கூறுகளைப் பற்றி நிறையத் தெரிந்துகொள்கிறோம். எந்த மருந்தை யார் கண்டார், எந்த அறுவையை யார் முதலில் செய்தார், எந்த அரசன் எந்த நோயால் மாண்டான் என்பனவெல்லாம் ஏட்டில் உள்ளன. நான்காம் கூற்றைப் பற்றியோ ஒரு வரி, மிஞ்சினால் இரண்டு வரி. ஒரே ஒரு நோயை எடுத்துக்கொண்டு இந்தக் குறையை ஓரளவு நிறைவு செய்ய விரும்புகிறேன். நான் எடுத்துக்கொண்ட நோய் இரைப்பையில் நிகழும் குருதிப் போக்கு. அதை எடுத்ததற்குக் காரணம் உண்டு. அந்த நோயின் முன்னால் நானே ஓர் இரவு உழைச்செல்வானாக நின்று, கடமையில் தவறியிருக்கிறேன்.

அது 1971-ஆம் ஆண்டு. நான் புதுவையில் பள்ளி இறுதி வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். என் தந்தையார் நெசவாலைத் தொழிலாளி. நாள் முழுதும் நின்று வேலை செய்தவருக்கு ஓயாத முழங்கால் வலி. கடையில் வாங்கிய வலி மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்கிவிட்டு ஆலைக்குப் போவார். ஒரு நாள் மாலை திண்ணையில் உட்கார்ந்திருந்தவர் திடீரென்று வாந்தி எடுத்தார். காப்பித் தூளைக் கரைத்துக் கொட்டியதுபோல் இருந்தது அது. ரிக்ஷாவில் ஏற்றி நகரிலிருந்த ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். மூக்கு வழியே குழாய் செலுத்திக் குளிர்ந்த நீரால் இரைப்பையைக் கழுவினார்கள்; கண்ணாடிப் புட்டியிலிருந்து உப்புநீரை நரம்பில் இறக்கினார்கள். மறுநாள் வாந்தி நின்றது. ஆபத்து நீங்கிவிட்டது என்று நம்பினோம்.

அன்றிரவு துணைக்கு இருந்தவன் நான். பத்து மணிக்குமேல் அப்பா பெட்பேனைக் கேட்டார். கழிந்தது தார்போல் கறுத்து, பிசுபிசுத்து, தாங்க முடியாத நாற்றத்தோடு இருந்தது. "சிஸ்டரைக் கூப்பிடாதே. ஒரு பெண்பிள்ளை பார்க்கிற காரியமா இது? கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வா" என்றார். கொட்டினேன், கழுவி வைத்தேன், எவரிடமும் சொல்லவில்லை.

நள்ளிரவு கடந்தபின் செவிலியர் வந்து அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தார். கட்டிலில் தொங்கிய அட்டையில் எட்டு மணிக்கு 84 என்றும், பத்து மணிக்கு 92 என்றும் நாடித் துடிப்பு எழுதப்பட்டிருந்தது. இப்போது 112 என்று எழுதினார். "நன்றாகத்தான் இருக்கிறேன் அம்மா" என்றார் அப்பா. அழுத்தமும் பெரிதாக இறங்கவில்லை. ஆனால் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்த செவிலியரின் கையில் குளிர்ந்த வேர்வை ஒட்டியது. என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, ஐயா வெளிக்குப் போனாரா?"

"இல்லை, சிஸ்டர்" என்றேன்.

சற்று நேரம் என்னையே பார்த்தார். "நான் திட்டமாட்டேன். போயிருந்தால் என்ன நிறம், எவ்வளவு, எத்தனை மணிக்கு, அதை மட்டும் சொல்" என்றார். சொன்னேன். அடுத்த நிமிடம் இரவுப் பணி மருத்துவருக்கு ஆள் போயிற்று. விடிவதற்குள் இரண்டு புட்டி இரத்தம் ஏறியது. காலையில் அறுவை நடந்தது. அப்பா அதற்குப்பின் இருபத்திரண்டு ஆண்டுகள் வாழ்ந்தார்.

அந்தச் செவிலியர் நாடியை எண்ணியிராவிட்டால் என் பொய் என்ன செய்திருக்கும் என்பதை வளர்ந்தபின்தான் உணர்ந்தேன். அவர் கண்டது என்ன என்பதை இங்கே விளக்க வேண்டும். வளர்ந்த மனிதர் உடலில் ஏறத்தாழ ஐந்து லிட்டர் குருதி உண்டு. இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ புண் ஏற்பட்டு, அது ஒரு குருதிக் குழாயை அரித்துவிட்டால் உள்ளே குருதி கொட்டுகிறது. அமிலம் பட்டுக் கறுத்த குருதி வாந்தியானால் காப்பித் தூள்போல் தோன்றும்; குடல் வழியே சென்றால் தார்போல் வெளிப்படும். வெட்டுக் காயமாயின் இழப்பைக் கண்ணால் காணலாம். இங்கோ, இழப்பு உள்ளேயே மறைந்து நிற்கிறது. உடலும் அதை மறைக்கிறது. குறைந்த குருதியைக் கொண்டே உறுப்புகளைக் காக்க இதயம் விரைந்து துடிக்கிறது, தோலுக்குச் செல்லும் குழாய்கள் சுருங்குகின்றன, தோல் குளிர்கிறது. இந்த ஈடுகட்டல் நடக்கும் வரையில் அழுத்தம் அவ்வளவாக இறங்குவதில்லை. அது இறங்கும்போது பெரும்பாலும் ஒரு லிட்டருக்கு மேல் போயிருக்கும்.

கறுத்த மலம் ஒன்றே சான்றாகிவிடாது என்பதும் உண்மை. முன்னர்க் கசிந்து நின்றுபோன குருதியும் இரண்டொரு நாள் கறுப்பாகவே வெளிப்படும். இரும்புச் சத்து மாத்திரை உண்டாலும் மலம் கறுக்கும். ஆதலின் நிறம், அளவு, நேரம், நாடி, வேர்வை ஆகிய அனைத்தையும் சேர்த்துப் பார்ப்பவருக்கே உண்மை புலப்படும். சேர்த்துப் பார்க்க வேண்டுமாயின் ஒருவர் தொடர்ந்து அருகில் இருக்க வேண்டும். மருத்துவர் வந்து செல்பவர், செவிலியர் இருப்பவர். இந்நோயின் வரலாறு முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டின்மேல் நிற்கிறது.

நம் புதுவைக்கு மருத்துவ வரலாற்றில் பழமையான இடம் உண்டு. பிரெஞ்சு ஆட்சியினர் 1823-இலேயே இங்கு ஒரு மருத்துவப் பள்ளியை நிறுவினர். நான்கு ஆண்டு கழித்து, 1827-இல், குளூனி புனித சூசையப்பர் சபைக் கன்னியர் புதுவைக்கு வந்தனர். பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் கல்வி புகட்டுவதும் நோயாளரைப் பேணுவதும் அந்தச் சபையார் மேற்கொண்ட பணிகள். அக்காலத்தில் வெப்பமானியை வார்டில் பயன்படுத்தும் வழக்கமில்லை. அழுத்தம் அளக்கும் கருவி பிறக்கவில்லை. நோயாளியின் அருகில் இருந்தவருக்குக் கண்ணும் கையும்தான் கருவி.

கண்ணுக்கும் கைக்கும் முறையான பயிற்சி வேண்டும் என்று உலகுக்கு உணர்த்தியவர் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார். 1860-இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அவர் பெயரால் செவிலியர் பள்ளி தொடங்கிற்று. ஏறத்தாழ அதே வேளையில் வெளிவந்த அவருடைய செவிலிய நூலில், நோயாளியை உற்று நோக்குவதற்கென்றே ஓர் இயல் ஒதுக்கப்பட்டுள்ளது. அந்த அலை நம் கரைக்கும் வந்தது. சென்னைப் பொது மருத்துவமனையில் 1871-இல் செவிலியர் பயிற்சி தொடங்கிற்று. வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909-இல் செவிலியர் பள்ளியை ஏற்படுத்தினார். அங்கு 1946-இல் செவிலியத்தில் பட்டப் படிப்பும் வந்தது. நாடு விடுதலை பெற்ற 1947-ஆம் ஆண்டிலேயே இந்தியச் செவிலியர் மன்றச் சட்டம் இயற்றப்பட்டது. புதுவை 1954-இல் இந்தியாவோடு இணைந்தபின், பழைய பிரெஞ்சு மருத்துவப் பள்ளியின் வழியில் 1956-இல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரி எழுந்தது. அதுவே 1964-இல் கோரிமேட்டில் ஜிப்மர் என்னும் பெருநிலையமாயிற்று.

இனி, குருதிப் போக்குக்கு இந்நூற்றாண்டுகளில் என்னென்ன சிகிச்சை செய்தார்கள் என்று பார்ப்போம். நெடுங்காலம் கையாண்ட முறை பட்டினி. குருதி கொட்டும் இரைப்பைக்கு ஓய்வு வேண்டும் என்று கருதி, பல நாள் வாயில் ஒன்றும் கொடாமல் வைத்திருந்தார்கள். ஏற்கெனவே சோர்ந்தவர் மேலும் சோர்ந்தார். 1915-இல் சிகாகோ நகரத்து மருத்துவர் பெர்ட்ரம் சிப்பி, இரைப்பைப் புண்ணுக்கு ஒரு பால் உணவு முறையை வகுத்தார். மணிக்கொரு முறை பாலும் பாலேடும்; இடையிடையே அமிலத்தை முறிக்கும் காரப் பொடி. பின்னர் 1930-களில் டென்மார்க் நாட்டு மருத்துவர் மொய்லன்கிராக்ட் துணிந்து மாறுபட்டார். குருதி கசிந்த நோயாளருக்கு முதல் நாளிலிருந்தே மசித்த உணவை வயிறார அளித்தார். அவர் பார்த்த நோயாளரில் இறந்தவர் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவிலேயே இருந்தனர் என்று 1935-இல் வெளியிட்டபோது மருத்துவ உலகம் வியந்தது.

இம்முறைகளுக்கு மருத்துவர்களின் பெயர் நிலைத்திருக்கிறது. மணிக்கொரு முறை பால் கிண்ணத்தோடு கட்டிலண்டை வந்து நின்றவர் யார்? அதைக் குடித்ததும் குமட்டியதா, வலி தணிந்ததா என்று கேட்டு எழுதியவர் யார்? உண்ட நோயாளிக்கு மீண்டும் கசிவு தொடங்கவில்லை என்று இரவெல்லாம் கண்காணித்தவர் யார்? அந்தக் குறிப்புகள் இன்றேல், பட்டினி நன்றா உணவு நன்றா என்ற வழக்குக்குத் தீர்ப்பே கிடைத்திராது.

இரத்தம் ஏற்றும் வரலாறும் அத்தகையதே. 1901-இல் லாண்ட்ஸ்டைனர் குருதி வகைகளை வெளியிட்டார். 1914-க்குப்பின் சிட்ரேட் உப்பைக் கலந்து குருதி உறையாமல் காக்கக் கற்றார்கள். 1935-இல் லண்டனில் மாரியட், கெக்விக் என்னும் இரு மருத்துவர்கள், சொட்டுச் சொட்டாக நெடுநேரம் இரத்தம் ஏற்றும் முறையை விளக்கினர். சொட்டு என்றால் எண்ண வேண்டும். விரைந்தால் இதயம் திணறும். தாமதித்தால் உயிர் நில்லாது. புட்டியில் உள்ள பெயரும் வகையும் நோயாளியின் பெயரோடும் வகையோடும் பொருந்துகின்றனவா என்று இறுதியாகச் சரிபார்ப்பதும், முதல் கால்மணி நேரம் அருகிலேயே நின்று நடுக்கமோ காய்ச்சலோ வருகிறதா என்று நோக்குவதும் செவிலியர் கடமையாயின. இன்றும் அப்படியே.

இந்தப் புண் நோய் நம் தென்னாட்டுக்குப் புதியதன்று. 1922-இல் எவரெஸ்ட் ஏற முயன்ற குழுவில் இருந்த டாக்டர் ஹோவர்ட் சாமர்வெல், அந்தப் பயணத்துக்குப்பின் இந்தியாவைச் சுற்றிப் பார்த்து, இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூர் மருத்துவமனைக்கு வந்தார்; அங்கிருந்த நோயாளர் கூட்டத்தையும் மருத்துவரின் பற்றாக்குறையையும் கண்டு அங்கேயே பணிபுரிய முடிவு செய்தார். முன்சிறுகுடற் புண்ணால் வருந்தியோர் அவரிடம் திரண்டு வந்தனர். அவரும் டாக்டர் ஆர் என்பவரும் தம் அறுவை அனுபவத்தை 1936-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டனர். 1964-இல் ரயில்வே மருத்துவரான மல்கோத்ரா, இந்நோய் வடநாட்டைக் காட்டிலும் தென்னாட்டில் மிகுதி என்று எழுதி, உணவுப் பழக்கத்தில் காரணம் தேடினார்.

1950-இல் நியூயார்க்கில் செங்ஸ்டேக்கன், பிளேக்மோர் என்னும் இருவர் ஒரு குழாயைச் செய்தனர். கல்லீரல் சுருங்கி இறுகியவர்க்கு உணவுக்குழாயின் அடியில் நாளங்கள் புடைத்து வெடிப்பதுண்டு. மிதமிஞ்சிய குடிப்பழக்கம் அதற்கொரு முதன்மைக் காரணம். அந்நாளங்களை அழுத்தி அடைக்க, இரண்டு பலூன்கள் பொருத்திய குழாய் அது. கீழ்ப் பலூன் உடைந்துவிட்டால் மேற்பலூன் மேலே நழுவி மூச்சுக்குழலை அடைத்துவிடும். ஆதலின் கட்டிலின் தலைமாட்டில் ஒரு கத்தரிக்கோலை வைத்திருக்க வேண்டும் என்பது விதியாயிற்று. நோயாளி மூச்சுத் திணறினால், மருத்துவர் வரும்வரை காத்திராமல் அக்கணமே குழாயை வெட்டிப் பலூனை உருவிவிட வேண்டும். அந்தக் கத்தரிக்கோலுக்கு அருகில் விழித்திருந்தவர் செவிலியரே.

பிற்காலத்து முன்னேற்றம் பெரிது. ஒளியை வளைந்த கண்ணாடி இழைகளின் வழியே செலுத்தி உருவத்தைக் காணலாம் என்று, பஞ்சாபில் பிறந்த நரீந்தர் சிங் கபானியும் இங்கிலாந்தின் ஹாப்கின்சும் 1954-இல் காட்டினர். அதைக் கொண்டு 1957-இல் அமெரிக்காவில் ஹிர்ஷோவிட்ஸ் வளையும் எண்டாஸ்கோப்பை அமைத்து, முதலில் தாமே விழுங்கிச் சோதித்தார். இரைப்பைக்குள் கசியும் இடத்தைக் கண்ணால் கண்டு, அங்கேயே ஊசி போட்டும் சுட்டும் கவ்வியிட்டும் அடைக்கும் காலம் பின்னர் வந்தது. அமிலத்தைக் குறைக்கும் சிமெட்டிடின் 1976-இல் வந்தது. 1982-இல் ஆஸ்திரேலியாவில் மார்ஷலும் வாரனும் இரைப்பைப் புண்ணுக்குக் காரணமான நுண்ணுயிரைப் பிரித்து வளர்த்தனர். 2005-இல் நோபல் பரிசு பெற்றனர். கார உணவும் கவலையுமே புண்ணுக்கு வேர் என்ற பழைய எண்ணம் தளர்ந்தது. இன்று பெரும்பாலான புண்களுக்குக் காரணம் அந்த நுண்ணுயிர். அல்லது என் தந்தையார் விழுங்கியது போன்ற வலி மாத்திரை.

இவ்வளவு கருவிகள் வந்தபின் நாடி எண்ணும் கைக்கு வேலை இல்லை என்று நினைக்கத் தோன்றும். வரலாறு வேறு கூறுகிறது. 2000-இல் கிளாஸ்கோவைச் சேர்ந்த பிளாட்ச்ஃபோர்டு முதலானோர், குருதி கசிந்து வருவோரில் யாருக்கு ஆபத்து மிகுதி என்று கணிக்க ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டனர். அதில் எட்டுக் கூறுகள். இரண்டு ஆய்வுக்கூடச் சோதனைகள். இரண்டு, கல்லீரல் இதய நோய்கள் உண்டா என்பவை. எஞ்சிய நான்கும் நாடி, இரத்த அழுத்தம், கறுத்த மலம், மயக்கம். ஆய்வுக்கூடமும் கணக்கும் கூடி வகுத்த முறையில் பாதி, 1971-இல் மங்கிய விளக்கொளியில் ஒரு செவிலியர் தேடியவையே!

மற்றொன்றும் சொல்ல வேண்டும். 2013-இல் பார்சிலோனா நகரிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. ஹீமோகுளோபின் 7 கிராமுக்குக் கீழே இறங்கிய பின்னரே இரத்தம் ஏற்றப்பட்டவர்களில் நூற்றுக்கு 95 பேர் ஆறு வாரத்துக்குப்பின் உயிரோடிருந்தனர். 9 கிராமுக்குக் கீழே இறங்கியதுமே ஏற்றப்பட்டவர்களில் 91 பேர். தாராளமாக ஏற்றுவதைக் காட்டிலும் பொறுத்து ஏற்றுவதே நன்று என்று தெளிந்தது. பெருகிக் கொட்டும் நோயாளிக்கு இந்தப் பொறுமை பொருந்தாது. அத்தகையோரை அந்த ஆய்வில் சேர்க்கவும் இல்லை. எவர் பொறுக்கத் தக்கவர், எவர் பொறுக்கத் தகாதவர் என்பதை மணிக்கு மணி காண ஒருவர் வேண்டும். மருத்துவம் நுட்பமாக ஆக, காவலின் பொறுப்பு குறையவில்லை, மிகுந்திருக்கிறது. ஜிப்மரில் 2006-இல் செவிலியக் கல்லூரி தொடங்கியதையும் இந்த நோக்கில் நான் எண்ணிப் பார்க்கிறேன்.

மாணவ நண்பர்களே! அந்தக் குறளுக்கு உரை கண்ட பரிமேலழகர், நான்கு கூறுகளில் ஒவ்வொன்றுக்கும் உரிய பண்புகளையும் எடுத்துரைக்கிறார். உழைச்செல்வானுக்கு நோயாளியிடம் அன்பு வேண்டும், தூய்மை வேண்டும், சொல்லியதைச் செய்யும் வன்மை வேண்டும், அறிவு வேண்டும் என்கிறார். அந்தச் செவிலியரிடம் நான்கையும் கண்டேன். நோயாளிக்கு உரியவற்றுள் ஒன்றாக, தன் நோயின் நிலையை உணர்த்துவதைக் கூறுகிறார். அதில்தான் அப்பாவும் நானும் தவறினோம். வெட்கம் எங்கள் வாயை அடைத்தது.

அப்பா வீடு திரும்பிய நாளில் அந்தச் செவிலியரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் பெட்பேன்களை அடுக்கிக்கொண்டிருந்தார். "தம்பி, இனி யாருக்குத் துணையிருந்தாலும் இதை நினைவில் வை. கொட்டுவதற்கு முன்னே காட்டு" என்றார். பிறகு அடுத்த கட்டிலுக்குச் சென்று, ஒரு முதியவரின் மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினார்.

அவர் பெயரை நான் கேட்டறியவில்லை. அட்டையில் அவர் எழுதிய எண்கள் மட்டும் இன்றும் நினைவில் உள்ளன: 84, 92, 112.